திரும்புதலும் திருத்தமும்

மணவிலக்குக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்துவிட்ட பின்னர், அம்மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வது மார்க்கத்தின் பார்வையில் ஏற்றதுதானா என்று என் பழைய மாணவர் ஒருவர் அஸருத் தொழுகை முடிந்ததும் என்னிடம் வினவினார். அவருடைய தங்கையின் வழக்கு அது. சமாதானத்தை இறைமறையே சிறப்பித்துப் பேசியிருக்க இதிலே ஐயம் எதற்கு என்று உடனே விடையிறுத்து அனுப்பிவிட்டேன். அவரும் மனநிறைவோடு சென்றார். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. இதே விடையை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு குடும்பத்தாருக்கும் நான் கூறியிருந்தேன். அதன் விளைவையும் கண்ணாரக் கண்டேன். மறுநாள் சுபுஹுக்குப் பின் அம்மாணவரைத் தேடிக்கொண்டு அவர் கடைக்கே சென்றேன். அங்கே நிகழ்ந்ததைப் பிறகு கூறுகின்றேன்.

முதற்கண் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நலம். தலாக் என்பது வேறு. நீதிமன்ற மனு என்பது வேறு. மனைவி, கணவன் தன்னைப் பராமரிக்கவில்லை என்றோ கொடுமை செய்தான் என்றோ காரணங்காட்டி, 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி மனுச் செய்தால், தீர்ப்பு வழங்கப்படும் வரை அவர்களுடைய நிகாஹ் அப்படியே இருக்கின்றது. மனுவைத் திரும்பப் பெற்றால் அவர்கள் முன்போலக் கணவன் மனைவியரே. புதிய நிகாஹோ புதிய மஹரோ வேண்டியதில்லை. இது தெரியாமல், “வழக்குப் போட்டபோதே உறவு அறுந்துவிட்டதே, இனி எப்படிச் சேர்வது?” என்று கலங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். கணவன் தலாக்கைச் சொல்லிவிட்டு அதன் பிறகு நீதிமன்றத்தை அணுகியிருப்பானாயின் நிலை வேறு. வழக்கை நிறுத்துவதால் வாயிலிருந்து புறப்பட்ட சொல் திரும்பிவிடாது. ஒன்றோ இரண்டோ தலாக் எனின், இத்தா முடியுமுன் ரஜ்அத் செய்து மீட்டுக்கொள்ளலாம். இத்தா கடந்துவிட்டால் இருவரும் இசைந்து மறுபடியும் நிகாஹ் செய்துகொள்ள வேண்டும். ரஜ்அத்தை வாயால் மொழிந்தாக வேண்டும் என்பது நம் ஷாஃபிஈ மத்ஹபு. மனைவியாக நடத்தும் செயலாலும் அது நிறைவேறும் என்பது ஹனஃபீ மத்ஹபு. ஒரே மூச்சில் மூன்றையும் சொல்லிவிட்டவர்களைப் பற்றி நம் மத்ஹபு நூல்கள் கூறுவதும், உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு தீர்ப்பளித்து, 2019ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியதும் ஒன்றாக இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கைக்கூட மனைவி விரும்பினால் மாஜிஸ்திரேட்டின் அனுமதியோடு சமரசமாக முடிக்கலாம் என்பது பலரும் அறியாத செய்தி. அத்தகைய நிலையில் உள்ளோர் தம் ஊர் ஆலிமையும் நல்லதொரு வழக்கறிஞரையும் ஒருசேரக் கலந்துகொள்வாராக. ஒருவரை மட்டும் கேட்டு முடிவெடுத்துப் பின்னர் வருந்தினோர் உண்டு.

நீதிமன்றத்துக்குச் சென்றதே பாவம் என்று கூறுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களோடு நான் இசையவில்லை. தன் கணவர் கூறிய ‘ளிஹார்’ என்னும் கொடுஞ்சொல்லை எடுத்துக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட வந்த கவ்லா (ரலி) அவர்களின் வழக்காட்டத்தைக் கொண்டே ஒரு சூறா தொடங்குகின்றது. அச்சூறாவுக்குப் பெயரும் அதனாலேயே வந்தது. அல்லலுற்ற பெண் முறையிடுவது மார்க்கத்துக்கு அன்னியமன்று. 1939ஆம் ஆண்டுச் சட்டமே, கணவன் காணாமற் போனாலும் சோறிடாவிட்டாலும் வழியின்றித் தவித்த பெண்களுக்காக, மாலிகீ மத்ஹபின் தீர்வுகளைத் தழுவிப் பிறந்தது. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்களின் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ அதற்கு வழிகோலிற்று. தீர்ப்பளிக்கும் நீதிபதி யாராக இருத்தல் வேண்டும் என்பதில் ஆலிம்களிடையே விவாதம் உண்டு. அது வேறு கட்டுரைக்கு உரியது.

ஆகவே வினா, வழக்குத் தொடுக்கலாமா என்பதன்று. தொடுத்ததை நிறுத்துவது எப்பொழுது நன்மை என்பதே வினா.

அரபு மொழியில் ‘தலாக்’ என்னும் சொல், கட்டிய கயிற்றை அவிழ்த்து ஒட்டகத்தைப் போகவிடுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ‘ரஜ்அத்’ என்பது திரும்புதல். ‘சுல்ஹு’ என்பது இணக்கம்; ‘இஸ்லாஹ்’ என்பது திருத்தம். பின்னவை இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. திரும்புதலுக்கும் திருத்தத்துக்கும் வேர் வேறு என்பதை மாணவர்களுக்கு இலக்கணப் பாடமாகப் பல முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதிலே வாழ்க்கைப் பாடமும் இருக்கின்றது என்பது எனக்கு வெகு காலம் புலப்படவில்லை. சூறத்துல் பகராவிலே, இத்தாவினுள் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமை கணவனுக்கு உண்டு என்று கூறும் இறைவன், அவ்விடத்திலேயே திருத்தத்தை நாடுவதை அதற்கு நிபந்தனையாக வைக்கின்றான். அதையடுத்துச் சில வசனங்கள் கடந்ததும் அதே திரும்புதலை வன்மையாகத் தடுக்கின்றான். துன்புறுத்தும் நோக்கோடு அவர்களை நிறுத்தி வைத்துக்கொள்ளாதீர் என்பது அதன் கருத்து. அறியாமைக் காலத்து ஆடவன், இத்தா முடியப்போகும் வேளையில் மனைவியை மீட்பான். பின் மறுபடியும் விலக்குவான். மறுபடியும் இத்தா முதலிலிருந்து தொடங்கும். அவள் மனைவியாகவும் வாழ முடியாது. விடுபட்டவளாகவும் போக முடியாது. முன்னதும் திரும்புதலே, பின்னதும் திரும்புதலே. வெளித் தோற்றத்தில் அவற்றிடையே ஒரு வேறுபாடும் இல்லை.

இனி, என் பிழையைக் கூறுகின்றேன்.

அப்பொழுது நான் முப்பத்தைந்து வயதைத் தொட்டிருந்தேன். எங்கள் பகுதியில் ஒரு பெண், கணவர் ஈராண்டாகச் செலவுக்கு ஒரு காசும் அனுப்பவில்லை என்று பஸ்கு கோரி மனுச் செய்திருந்தார். கணவர் சபரில் இருந்தார். ஜமாஅத்துப் பெரியவர்கள் என்னையும் உடன் அழைத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்றனர். அர்ஷு நடுங்கும் என்று நான் பேசினேன். பொறுமையின் சிறப்பைப் பேசினேன். அனுமதிக்கப்பட்டவற்றுள் அல்லாஹ்வுக்கு மிகவும் வெறுப்பானது தலாக் என்னும் ஹதீதையும் ஓதினேன். (அதன் அறிவிப்புத் தொடரைப் பற்றி ஹதீதுக் கலை வல்லார் கூறியிருப்பதை நான் அறிவேன். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசும்பொழுது அதையெல்லாம் யார் சொல்லுகிறார்கள்?) அப்பெண்ணின் வாப்பா அழுதார். கணவரின் வீட்டார் தொலைபேசியில் வாக்களித்தனர். அடுத்த வாய்தாவிலேயே மனு திரும்பப் பெறப்பட்டது. அன்று இரவு எங்களுக்கு விருந்து நடந்தது. ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த களிப்பில் நானும் வயிறார உண்டேன்.

மூன்று மாதம் பணம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

ஓராண்டு பொறுத்துவிட்டு அப்பெண் மீண்டும் வழக்கறிஞரிடம் சென்றபொழுது அவர் இரண்டு செய்திகளைக் கூறினாராம். மறுபடியும் மனுச் செய்துகொள்ள நீதிமன்றத்தின் அனுமதி பெறாமலேயே பழைய மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டதால், அதே காரணத்தைச் சொல்லி மீண்டும் வர முடியாது என்பது ஒன்று. இடையிலே மூன்று மாதம் பணம் வந்துவிட்டமையால், சட்டம் கேட்கும் ஈராண்டுக் கணக்கை மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பது மற்றொன்று. இச்செய்தி என் காதுக்கு எட்டிய வாரத்தில் நான் மதரஸாவில் மேற்சொன்ன வசனத்துக்கு விளக்கம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இத்தா முடியும் தறுவாயில் மீட்டு, கணக்கை முறித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ண வைத்த அந்த அறியாமைக் காலத்து ஆடவனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவன் இடையில் நிறுத்திவிட்டேன். மாணவர்கள் எனக்கு உடல்நலமில்லை என்று எண்ணினர்.

அவ்வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அப்பெண் கதவுக்கு அப்பால் நின்றபடியே, “ஹஜ்ரத் மேல எனக்கு வருத்தமில்லை. அன்னைக்கு எல்லாரும் பேசினீங்க. யாரும் என்கிட்ட ஒண்ணுமே கேக்கலை, அது ஒண்ணுதான்” என்றார். அவர் கூறியது உண்மை. இரண்டு மணி நேரம் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த நாங்கள் ஒரு வினாவைக்கூட அவரிடம் எழுப்பவில்லை. இரண்டாவது மனுவின்பேரில் அவருக்கு விடுதலை கிடைக்கும்பொழுது, முதல் மனுவிலிருந்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரு பெண்ணின் வாழ்நாளில் இருபத்து நான்கு முதல் முப்பது வரையிலான ஆண்டுகள் அவை.

கணவன் மனைவியரிடையே பிளவு நேருமென்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அனுப்புமாறு சூறத்துன் நிஸா பணிக்கின்றது. ‘ஷிகாக்’ என்பது அவ்வசனத்தில் வரும் சொல். ‘ஷிக்கு’ என்றால் பக்கம். ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து நிற்றல் என்பது பொருள். அவ்விருவரும் திருத்தத்தை நாடினால் இறைவன் இணக்கத்தை உண்டாக்குவான் என்னும் கருத்து அதனைத் தொடர்ந்து வருகின்றது. இங்கே ‘அவ்விருவர்’ யார்? கணவன் மனைவியரா, நடுவர் இருவரா? நடுவர்களையே குறிக்கும் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) முதலானோர் வழியாக வந்த விளக்கம். நடுவரின் நாட்டமே தூயதாக இல்லாவிடில் இணக்கம் எங்ஙனம் உண்டாகும்? அன்று எங்கள் நாட்டம் என்னவென்று நேர்மையாகச் சொன்னால், ஊர்ப் பெயர் கோர்ட்டில் அடிபடக் கூடாது என்பதே. அப்பெண்ணின் வாழ்வு திருந்த வேண்டும் என்பது அதற்குப் பின்னால் எங்கோ இருந்தது.

நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்த நடுவர் முறையை மதித்தே பேசுகின்றன. தலாக்குக்குத் தக்க காரணமும், அதற்கு முன்னதாக இரு குடும்பத்து நடுவர்களின் சமாதான முயற்சியும் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு ஷமீம் ஆரா வழக்கில் வலியுறுத்தியது. குடும்ப நல நீதிமன்றங்களை ஏற்படுத்திய 1984ஆம் ஆண்டுச் சட்டமும், சமரசத்துக்கு முயல்வதை நீதிபதியின் கடமையாக்கி, இணங்கக்கூடிய வாய்ப்புத் தென்பட்டால் வழக்கை ஒத்திவைக்கவும் அதிகாரம் அளித்திருக்கின்றது. வாய்தா வாய்தா என்று நாம் சலித்துக்கொள்கிறோம். சில வாய்தாக்கள் இத்தாவைப் போன்றவை. விலக்கப்பட்ட மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றலாகாது என்று கட்டளையிட்ட இறைவன், அதன்பின் தான் எதனைப் புதிதாக உண்டாக்குவான் என்பதை மனிதன் அறியான் என்று நினைவூட்டுகின்றான். கோபம் தணியச் சிறிது காலம் வேண்டும். நாயகம் (ஸல்) அவர்களே ஹஃப்ஸா (ரலி) அவர்களை விலக்கிப் பின்னர் மீட்டுக்கொண்டார்கள் என்னும் செய்தி ஹதீது நூல்களில் இருக்க, திரும்புவதை மானக்கேடு என்று எவரால் கூற இயலும்?

ஆயினும் நம்மவர் மானக்கேடு என்றுதான் கருதுகின்றனர். இதற்கு மஃகில் இப்னு யஸார் (ரலி) அவர்களுடைய சரிதையே போதும். அவர்கள் தம் சகோதரியை ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். அவர் தலாக் சொல்லி, இத்தாவும் கடந்துவிட்டது. பின்னர் மனம் மாறி அவரே மீண்டும் பெண் கேட்டு வந்தார். அப்பெண்ணுக்கும் அவரிடம் திரும்பவே விருப்பம். தமையனார் சினங்கொண்டார், உன்னை மதித்துப் பெண் கொடுத்தேன், விலக்கிவிட்டு மறுபடியும் கேட்க வருகிறாயா என்று கடிந்து, இனி ஒருபோதும் தருவதில்லை என்று ஆணையிட்டார். விலக்கப்பட்ட பெண்கள் தம் கணவரையே மணந்துகொள்ள இருவரும் முறைப்படி இசையும்போது தடுக்காதீர் என்னும் கருத்துடைய வசனம் அப்பொழுது அருளப்பட்டது. மஃகில் (ரலி) அவர்கள் உடனே இணங்கி மணமுடித்து வைத்தார்கள். எங்கள் ஷாஃபிஈ நூல்களில் இந்நிகழ்ச்சி, பெண்ணின் நிகாஹுக்கு வலீ வேண்டும் என்பதற்கு ஆதாரமாகவே பெரிதும் எடுத்தாளப்படும். அந்தக் கோணத்தில் ஓதி, அந்தக் கோணத்திலேயே ஓதிக்கொடுத்துப் பழகிய எனக்கு, அவ்வசனம் வலீயைக் கண்டித்து வந்தது என்பது கண்ணில் படாமலே இருந்தது.

அதற்கு மறுபுறத்தில் பரீரா (ரலி) அவர்களின் சரிதை நிற்கின்றது. அடிமைத்தளையினின்று விடுதலை பெற்றதும், அடிமையாகவே இருந்த தம் கணவர் முகீஸ் (ரலி) அவர்களுடன் தொடர்ந்து வாழ்வதா பிரிவதா என்னும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. பிரிவதையே தேர்ந்தார்கள். கணவரோ தாடி நனையக் கண்ணீர் வடித்தபடி மதீனாவின் தெருக்களில் அவர்கள் பின்னே திரிந்தார். இரக்கமுற்ற நாயகம் (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்றால் என்ன என்று பரீராவிடம் பரிந்துரைத்தார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார்கள். கட்டளையன்று, பரிந்துரை மட்டுமே என்று பதில் வந்தது. அப்படியாயின் தமக்கு அவர் தேவையில்லை என்று அப்பெண்மணி கூறிவிட்டார்கள். அதற்காக அவர்களை எவரும் குறை கூறவில்லை. படைப்பினங்களில் தலைசிறந்தவரின் பரிந்துரையை ஒரு பெண் மறுத்துரைக்க இடமிருந்தது. எங்கள் திண்ணையில் அந்த இடம் இருக்கவில்லை.

இரண்டாவது வழக்கு இதற்குப் பத்தாண்டு கழித்து வந்தது. இம்முறை பெண் வீட்டார் என்னை நடுவராகக் கேட்டனர். கணவர் சபரிலிருந்து திரும்பித் தாமே நேரில் வந்து தவற்றை ஒப்புக்கொண்டிருந்தார். நான் முதலில் அப்பெண்ணிடம், அவருடைய உம்மா உடனிருக்க, என்ன விரும்புகிறீர் என்று கேட்டேன். போவதற்கு விருப்பந்தான் என்றார். ஆனால் இரண்டு தடைகள். ஒன்று, அவருடைய காக்கா. வக்கீலுக்குச் செலவழித்தவர் அவர்; ஊராரிடம் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவரும் அவரே. இப்போது நிறுத்தினால் தம் முகத்தில் எப்படி விழிப்பார்கள் என்றார். மஃகில் (ரலி) அவர்களின் சரிதையை அவருக்குச் சொன்னேன். எழுந்து போய்விட்டார்.

மற்றொரு தடை, நான் எதிர்பாராதது. மனுவின் ஒரு பத்தியில், மாமியார் தம்மைப் பட்டினி போட்டார் என்று எழுதப்பட்டிருந்தது. அது பொய். வழக்குக்கு வலுச் சேர்க்க வழக்கறிஞர் சேர்த்தது. மனுவின் நகல் கணவர் வீட்டுக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டிக்குப் பேரன் அதை உரக்கப் படித்துக் காட்டியிருந்தான். வழக்கைத் திரும்பப் பெறலாம். அந்தப் பத்தியை எப்படித் திரும்பப் பெறுவது? அல்லாஹ்வுக்குச் செய்த பிழைக்கு அவனிடம் தௌபா செய்தால் போதும். அடியாருக்குச் செய்த பிழையோ, அவர்களிடமே சென்று சொன்னதைப் பொய் என்று ஒப்பி, பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டாலன்றித் தீராது. இதை அப்பெண்ணுக்குச் சொல்ல எனக்குத் தயக்கமாகவே இருந்தது. அவர் தயங்கவில்லை. மாமியார் கேட்டாராம்: “வக்கீல் எழுதினாரா, நீ சொன்னியா?” “வக்கீல் எழுதினாரு மாமி. நான் வாசிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றிருக்கிறார். மாமியார் உடனே மன்னித்துவிடவில்லை. அதனால் அவர்கள் அடுத்த தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். நான்கு மாதம் அங்கே இருந்தார்கள்.

மனுவைத் திரும்பப் பெறுமுன், மாதச் செலவு எவ்வளவு, அது யார் கையில் சேரும் என்பதை எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். தேவைப்பட்டால் மீண்டும் மனுச் செய்ய அனுமதி வேண்டும் என்பதையும் நீதிமன்றத்தில் கேட்க வைத்தேன். திரும்பிப் போகும்பொழுதே கதவைத் திறந்து வைப்பது அவநம்பிக்கையல்லவா என்று கணவரின் சிறிய தந்தை முணுமுணுத்தார். கணவர், “இருக்கட்டும் சாச்சா, அவ மனசு நிம்மதியா இருக்கும்” என்றார். இவ்வழக்கு நிலைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதுதான் பிறந்தது. அன்று நீதிபதி அப்பெண்ணைத் தனியே அழைத்து, சுய விருப்பத்தோடுதான் திரும்பப் பெறுகிறாரா என்று வினவினார். காக்கா நீதிமன்றத்துக்கு வரவில்லை. போய்வர ஆட்டோவுக்கு வேண்டிய பணத்தை மட்டும் முதல் நாள் இரவே மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

என் மாணவரின் கடைக்குச் சென்ற செய்தியைப் பிறகு கூறுவதாகச் சொன்னேன் அல்லவா? கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார். நேற்று நான் சொன்னதை முழு விடையாகக் கொள்ள வேண்டாம் என்று கூறிவிட்டு, “உங்கள் தங்கை என்ன சொல்கிறார்?” என்று கேட்டேன்.

அவர் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிறிது நேரம் நின்றார். “வாப்பாவிடமும் மச்சானிடமும் பேசிவிட்டோம், ஹஜ்ரத். தங்கச்சியிடம் இன்னும் கேட்கவில்லை” என்றார்.